வானம் பார்த்த தொட்டி

லெமுவேல் கேட்ஸ்டன் இறந்தது பிப்ரவரியில். மண் இறுகிக் கிடந்தது. கடப்பாரை பட்ட இடமெல்லாம் மணியடித்தது. பிள்ளைகள் ரயிலேறி வந்து சேரும்வரை உடலைத் திறந்த ஜன்னலோரம் கிடத்தியதே போதுமானதாக இருந்தது. வேறு ஏற்பாடு வேண்டியிருக்கவில்லை. கோடைச் சாவு என்றால் நிலைமை வேறு. அதைப் பற்றி வாக்கர்ஸ் ஃபோர்க் ஊரில் அவரைவிட அதிகம் யோசித்தவர் எவரும் இல்லை.

அலபாமாவின் பருத்திக் காட்டில் பிறந்தவர். இருபது வயது ஆகுமுன் மேற்கு வர்ஜீனியா மலைகளுக்கு வந்து நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினார். ஒருநாள் சுரங்கத்தின் கூரை சரிந்து இடுப்பை நொறுக்கியது. எழுந்து நடக்கத் தொடங்கியபோது இடது கால் குட்டையாகிவிட்டிருந்தது. நொண்டிக்குச் சுரங்கத்தில் இடமில்லை. கீழ்த் தெருவில் யூதர்களின் முழுக்குக்கூடத்தில் பாய்லருக்குக் கரி அள்ளிப்போட ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். போனார். ஆயுள் முழுக்க அங்கேயே இருந்தார்.

சுரங்க அதிகாரிகள் மேட்டில் இருந்தார்கள். கீழே, மலைக்கும் கறுத்து ஓடும் ஓடைக்கும் நடுவே இருந்த ஒற்றைத் தெரு மற்றவர்களுக்கு. கறுப்பர்கள் கரி வெட்டினார்கள், யூதர்கள் கடை வைத்திருந்தார்கள். ஓடைக்கு அக்கரையில் கரியை வாட்டிக் கோக் ஆக்கும் சூளைகள் இரவும் பகலும் எரிந்தன. பனிமூட்டம் இறங்கும் நாட்களில் சூளைத் தீயின் சிவப்பு அதற்குள் கலங்கிப் பரவும். வீடுகள் தரையைத் தொடாமல் நிற்பதுபோல் தெரியும்.

முழுக்குக்கூடம் கல் கட்டடம். கீழே பாய்லரும் தொட்டிகளும். மாடியில் முன்பக்கம் பேஷா கான்ட்ரோ, அவர் மகள் ஹிண்டா. பேஷா விதவை, கூடத்தைக் கவனித்துக்கொள்பவர். பின்பக்கம் லெமுவேலும் மனைவி ஐடெல்லாவும். இரண்டு வீட்டுக்கும் ஒரே மாடிப்படி.

ஒரே படி என்றால் எல்லாம் தெரிந்துவிடும். அவர்கள் உணவு விதிப்படி பேஷாவின் அடுப்படிக்குச் சமைத்ததைக் கொண்டுபோகக் கூடாது என்று ஐடெல்லா முதல் வாரமே கற்றுக்கொண்டாள். நறுக்காத பீச் பழம், உடைக்காத முட்டை, இவை போகும். வெள்ளிக்கிழமைகளில் முன்பக்கத்திலிருந்து பின்னிய ரொட்டி ஒன்று வரும். சனிக்கிழமை காலையில் லெமுவேல் போய்ப் பேஷாவின் அடுப்பைப் பற்றவைப்பார். யாரும் கேட்கமாட்டார்கள், யாரும் நன்றி சொல்லமாட்டார்கள். அவர்களுக்கு அன்று ஓய்வுநாள், தீ மூட்டக் கூடாது.

ஒத்துப்போகாத விஷயம் ஒன்றுதான், சாவு. பேஷாவின் கணவர் இறந்தபோது மறுநாள் பொழுது சாயுமுன் புதைத்துவிட்டார்கள். ஐடெல்லாவுக்கு மனசு ஆறவில்லை. அவளுடைய தம்பி ஆகஸ்ட் மாதத்தில் சுரங்கத்தில் மாண்டபோது, அலபாமாவிலிருந்து அம்மா வந்து முகம் பார்க்கும்வரை அவனை ஐஸ் பாளங்கள்மேல் கிடத்தியிருந்தார்கள். அதைப் பேஷாவால் தாங்க முடியவில்லை. இருந்தாலும் பகல் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பின்னாளில் இரண்டு பேரும் இதைச் சொல்லிச் சீண்டிக்கொள்வார்கள்.

“செத்தவங்கள வீட்டவிட்டுத் தொரத்துறீங்க நீங்க” என்பாள் ஐடெல்லா.

“நீங்க போகவே விடமாட்டேங்கிறீங்க” என்பார் பேஷா.

அந்த ஐஸ் அடக்கச் சங்கத்துக்குச் சொந்தம். கறுப்பர்களின் சங்கம். ஜனவரியில் மலைமேல் குளம் உறைந்ததும் ஆண்கள் ரம்பத்தோடு போய்ப் பாளம் பாளமாக அறுத்து, குளக்கரைக் கொட்டகையில் மரத்தூளுக்குள் புதைத்து வைப்பார்கள். அது செத்தவர்களுக்கு. உறவுக்காரர் வரும்வரை உடல் தாங்க வேண்டும், அதற்காக. காய்ச்சலுக்குக்கூட அதிலிருந்து ஒரு துண்டு எடுத்ததில்லை. கொட்டகைச் சாவி தேவாலயத்தின் டீக்கன் அப்சலோம் ரக்கரிடம். அவருக்கு இரண்டு மகன்கள், இருவரும் சுரங்கத்தில்.

ஹிண்டாவுக்குக் கல்யாணம் நிச்சயமான கோடையில் மழை பொய்த்தது.

கூடத்தில் இரண்டு தொட்டிகள். ஒன்று, பெண்கள் தீட்டுக் கழிய இறங்கி முழுகுவது. மணப்பெண் கல்யாணத்துக்கு முன் அதில் முழுகியே ஆக வேண்டும். அதில் குழாய்த் தண்ணீரை நிரப்பிச் சூடாக்குவது லெமுவேலின் வேலை. சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொன்று, மழைத்தொட்டி. கூரையில் விழும் மழை தானாக இறங்கி அதில் சேரும். நடுச்சுவரில் கைம்முட்டி அளவு ஒரு துளை, அதற்கு ஒரு அடைப்பு. முழுகும் நேரத்தில் பேஷா அடைப்பை உருவுவார். இரண்டு தண்ணீரும் தொட்டுக்கொள்ளும். அவ்வளவுதான். மழைத்தொட்டிப் பக்கம் போகாதே என்று லெமுவேலுக்கு முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ஏன் என்று சொல்லவில்லை. கரி அள்ளுகிறவருக்கு அது எதற்கு என்று நினைத்திருக்கலாம்.

வசந்தத்தில் மழைத்தொட்டியில் கரிப்புகை படிந்து சேறாகிவிட்டதென்று காலிசெய்து தேய்த்தார்கள். பிறகு பெய்த மழையில் தொட்டி நிறையவில்லை. செல்லுபடியாகும் அளவைக் காட்டச் சுவரில் வெட்டியிருந்த கோட்டுக்கு ஒரு சாண் கீழேயே நின்றது. கூடத்தை மூடிவைத்தார்கள். ரயில் பட்டறைகளில் வேலைநிறுத்தம். வண்டி வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. மலைக்கு அப்பால் இன்னொரு ஊரில் இருந்த கூடத்துக்குப் போய்த் திரும்புவதை யாரும் நம்பத் தயாராயில்லை. கல்யாணம் செவ்வாய்க்கிழமை. அந்த வாரம் தாண்டினால் அவர்களுக்குத் துக்க வாரங்கள் தொடங்கிவிடும், மணமேடை போடக் கூடாது. மாப்பிள்ளையோ ஓக்லஹோமாவில் மாமனின் கடைக்குப் போய்ச் சேர வேண்டியவன். தனியாகப் போனால் திரும்பி வருவானா என்பதைப் பேஷா வாய்விட்டுக் கேட்கவில்லை. தினமும் விடிந்ததும் படிவாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார். பிறகு போய்த் தொட்டியைப் பார்ப்பார்.

லெமுவேலுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பெண்கள் முழுகும் தொட்டியில் இருப்பதே தன் குழாய்த் தண்ணீர்தானே என்று அவருக்குப் பட்டது. அதற்கு ஆகும் தண்ணீர் இதற்கு ஆகாதா. புதன்கிழமை பேஷா கடைக்குப் போயிருந்தபோது ரப்பர் குழாயை மழைத்தொட்டிக்குள் விட்டுத் திருகைத் திறந்தார். கோட்டைத் தொட்டதும் மூடினார். குழாயைச் சுருட்டி மாட்டினார். அன்று மாலை மலைமுகட்டில் கொஞ்சம் தூறியது. கீழே தூசிகூட அடங்கவில்லை.

மறுநாள் விடியலில் பேஷா தொட்டியைப் பார்த்துவிட்டு ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். முகட்டுத் தூறல் கூரைவழி இறங்கியதாக நினைத்தார். நினைக்க விரும்பினார். லெமுவேல் சுவரோரம் கரி அடுக்கியபடி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். ஒரு நல்ல காரியத்தை யாருக்கும் தெரியாமல் செய்த சந்தோஷம்.

சந்தோஷம் மதியம்வரை நீடித்தது. படியில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்தபடி பேஷா ஐடெல்லாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கீழே பாய்லர் அறையில் எல்லாம் கேட்டது. அந்தத் தண்ணீர் வானத்திலிருந்து தானாக வர வேண்டும். நிறையுமுன் மனுஷக் கை கொஞ்சம் ஊற்றினாலும் மொத்தமும் கெட்டது. பிறகு அது வெறும் குளியல் தொட்டி. அதில் முழுகியவள் முழுகாதவள்தான். அவளைத் தொடுவது புருஷனுக்குப் பாவம்.

லெமுவேல் மண்வாரியைக் கீழே வைத்தார்.

அன்று முழுக்க மனதுக்குள் கணக்குப் போட்டார். யாருக்கும் தெரியாது. சொல்லாவிட்டால் கல்யாணம் நடக்கும், பேஷா சிரிப்பார், கூட்டத்தில் அவருக்கும் ஒரு தட்டு கேக் வரும். சொன்னால் கல்யாணம் நிற்கும், வேலை போகும், மாடி அறையும் போகும். தண்ணீர் தண்ணீர்தான் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்போதெல்லாம் அலபாமாவில் ஞானஸ்நானத்துக்கு ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்றது நினைவுக்கு வந்தது. வெள்ளைத் துணி, போதகரின் கை, பழுப்பு நீர் தலைக்குமேல் மூடியது, மேலே வந்தபோது கரையில் எல்லோரும் பாடிக்கொண்டிருந்தது. அது ஆறில்லை, யாரோ நிரப்பி வைத்த மாட்டுத்தொட்டி என்று இன்று ஒருவர் வந்து சொன்னால்? சொல்லாமலே இருந்துவிட்டால்? எது மோசம் என்று அவருக்கு விளங்கவில்லை. அறைக்குள் ஆற்று வாசனை வந்ததுபோல் இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குமேல் படியேறினார். பேஷா மாவைப் பின்னிக்கொண்டிருந்தார். லெமுவேல் வாசலிலேயே நின்றார்.

“மிஸ் பேஷா, அது மழ இல்ல. நான்தான் புடிச்சு விட்டேன்.”

பேஷாவின் கை நின்றது. “எவ்ளோ?”

“ஒரு சாண்.”

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். மாவு ஒட்டிய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாமே. ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது.”

“எனக்குத் தெரியுமே. ஹிண்டா எப்ப வந்தாலும் இந்தப் படியிலதான ஏறணும். அவ மூஞ்சிய நான் எப்படிப் பாக்குறது?”

பேஷா எழுந்து கதவைச் சாத்தினார். அத்தனை வருஷத்தில் அந்தக் கதவு லெமுவேல் முகத்துக்கு நேரே சாத்தப்பட்டது அன்றுதான்.

பேஷா சொல்லியனுப்ப, யூதர்களின் மதகுரு ரபி ஸிஸ்கின் வந்தார். ஊரின் கோழி அறுப்பவரும் அவர்தான். கோட்டில் இறகு ஒட்டியிருந்தது. குனிந்து தொட்டியைப் பார்த்தார், மேலே மாட்டியிருந்த ரப்பர் குழாயைப் பார்த்தார். திட்டவில்லை. ஏன் என்று உன்னிடம் சொல்லாதது எங்கள் தவறு என்று மட்டும் சொன்னார். முழுவதும் இறைத்துக் கொட்டிவிட்டு மழைக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை என்றார். பிறகு தாடியைக் கோதிக்கொண்டார். சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். தண்ணீரைத்தான் கையால் எடுத்து ஊற்றக் கூடாது. ஐஸைக் கையால் தூக்கிப் போடலாம், அது தொட்டிக்குள் கிடந்து தானாக உருகினால் வானத்துத் தண்ணீர்தான்.

கம்பெனிக் கடைக்கு ரயிலில் வரும் ஐஸ் வேலைநிறுத்தத்தோடு நின்றிருந்தது. ஊரில் ஐஸ் எங்கே இருக்கிறது என்று மூவருக்கும் தெரியும்.

கடைசியில் பேஷாதான் பேசினார். கதவைச் சாத்திய பிறகு அவர் லெமுவேலிடம் பேசிய முதல் வார்த்தை அது. “அது செத்தவங்களோடது. நீ போய்க் கேக்காத.”

லெமுவேல் கேட்டார். சனிக்கிழமை சாயங்காலம், தேவாலயத்தின் கீழறையில் சங்கம் கூடியபோது. தான் செய்ததை மறைக்காமல் சொன்னார். கொஞ்சம் சிரித்தார்கள். கல்யாணப் பெண் குளிக்கச் சாவு ஐஸா என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், நொண்டிக்குக் காலில்தான் கோளாறு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன் என்றார். டீக்கன் ரக்கர் சிரிக்கவில்லை. சாவி அவர் முன்னால் மேசைமேல் இருந்தது.

“சொரங்கக் கூர நாள் பாத்து விழறதில்ல, லெமுவேல். ஒனக்கு நான் சொல்லணுமா?”

“வேணாங்க.”

“நாளைக்கே விழுந்தா?”

கூட்டத்தில் பெண்கள் பேசும் வழக்கம் இல்லை. பின்வரிசையில் ஐடெல்லா எழுந்தாள்.

“என் தம்பி அந்த ஐஸ் மேலதான் கெடந்தான். எங்கம்மா வர்ற வரைக்கும். ஐஸ் எதுக்கு? ஒருத்தர் வந்து சேர்ற வரைக்கும் காத்திருக்கத்தான? அந்தப் புள்ளையும் அதுக்குத்தான் கேக்குது.”

“அங்க வரப்போறது யாரு?” என்றார் டீக்கன்.

“அவளுக்குப் பொறக்கப்போற புள்ளைங்க.”

கைதூக்கச் சொன்னார்கள். பாதிக்குமேல் தூக்கினார்கள். டீக்கன் தூக்கவில்லை. ஆனாலும் தீர்மானம் தீர்மானம்தான். சாவியை மேசைமேல் தள்ளிவிட்டார்.

“குளிர் வர்றதுக்குள்ள என் பசங்கள்ல ஒருத்தன் போனா, ஐஸ் கேட்டு நேரா ஒன் பாய்லர் ரூமுக்குத்தான் வருவேன்.”

“வாங்க” என்றார் லெமுவேல். வேறென்ன சொல்ல?

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போனார்கள். அது கறுப்பர்களின் ஓய்வுநாள், வேலை செய்யலாமா என்ற கேள்வி எழுந்தது. மாடு குழியில் விழுந்தால் ஓய்வுநாளிலும் தூக்கலாம் என்று வேதத்தில் இருக்கிறது, விழுந்திருப்பது லெமுவேல், மாட்டுக்கும் அவனுக்கும் அதிக வித்தியாசமில்லை என்று போதகர் தீர்த்துவைத்தார். கோவேறு கழுதை வண்டிகள் மலையிறங்கின. உருகும் நீர் ஒழுகிப்போக வேண்டுமென்று ரபி சொன்னதால் இடைவெளி விட்ட பலகை வண்டிகள். வந்த வழியெல்லாம் ஈரக்கோடு. கோடைப் பகலில் அந்தக் கோட்டின்மேல் ஒரு வெண்புகை எழுந்து, வண்டி போன பிறகும் தெருவில் தங்கியிருந்தது.

தொட்டியை முன்பே சொட்டில்லாமல் இறைத்திருந்தார்கள். பாளங்களை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. மரத்தூளைத் துடைப்பத்தால் தட்டினார்கள். வெள்ளைச் சட்டை போட்ட கறுப்பர்கள் இடுக்கியால் பாளத்தைக் கவ்விப் பலகைமேல் சறுக்கிவிட்டார்கள். யூதக் கடைக்காரர்களும் கைகொடுக்க வந்தார்கள். இடுக்கி பிடிக்கத் தெரியாமல் ஒருவர் பாளத்தோடு சேர்ந்து சறுக்கினார். அவரையும் சேர்த்து உருக்கிவிடலாமா என்று ரபியிடம் கேட்டார்கள். தாடி மிதக்கும் என்றார் ரபி.

டீக்கன் ரக்கர் தெருமுனையில் நின்று பார்த்தார். கிட்டே வரவில்லை.

இனி உருக வேண்டும். வெந்நீர் ஊற்ற முடியாது. மழைத்தொட்டியின் பின்சுவர்தான் பாய்லர் அறையின் முன்சுவர் என்பது லெமுவேலுக்குத் தெரிந்த ஒன்று. சுவரோரம் அடுக்கியிருந்த கரியை ஒதுக்கிக் கல்சுவர் வெளியே தெரியச் செய்து, பாய்லர்க் கதவுகளை அகலத் திறந்து தீயை ஏற்றினார். அதிகம் ஏற்றினால் கல் வெடிக்கும், குறைந்தால் ஐஸ் அப்படியே இருக்கும். உள்ளங்கையைச் சுவரில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டார். கை பொறுக்கிற சூடு. அதில் நிறுத்தினார்.

திங்கட்கிழமை முழுக்க அங்கேயே இருந்தார். சுவருக்கு அப்பால் ஐஸ் பேசியது. முதலில் மரம் முறிவதுபோல், பிறகு யாரோ தொலைவில் கதவு திறப்பதுபோல், பிறகு சொட்டு. சூடும் குளிரும் சந்தித்த இடத்தில் மூட்டம் எழுந்து கதவிடுக்கு வழியாக வந்து, தரையை நிறைத்து, படி படியாக மேலே ஏறியது. சுவரில் சாய்ந்தபடியே கண் அயர்ந்தார். மூட்டத்துக்குள் ஐடெல்லாவின் தம்பி பாளத்தின்மேல் எழுந்து உட்கார்ந்திருந்தான், தலைமயிரில் பனி. என்னைப் பார்க்க யார் வருகிறார்கள் என்று கேட்டான். வருகிறார்கள், கொஞ்சம் பொறு என்றார் லெமுவேல். அவன் தலையசைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான். அவனுக்குக் கீழே ஆறு போய்க்கொண்டிருந்தது, பழுப்பாக, சத்தமில்லாமல்.

விழித்தபோது பேஷா நின்றிருந்தார். கையில் ஒரு கண்ணாடித் தம்ளர் தேநீர். அவருடைய வீட்டுத் தம்ளர்.

“உருகுதா?”

“உருகுது.”

பேஷா சுவரில் தன் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். “சூடா இருக்கு” என்றார். பிறகு போனார்.

பொழுது சாய்ந்து நட்சத்திரம் தெரிந்ததும் பெண்கள் ஹிண்டாவை அழைத்துவந்தார்கள். லெமுவேல் பாய்லர் அறைக் கதவை மூடிக்கொண்டார். காலடிகள் கேட்டன. அடைப்பை உருவும் சத்தம், அதைத் தொடர்ந்து தண்ணீர் தண்ணீரைத் தொடும் மெல்லிய கொப்புளிப்பு. ஒரு முழுக்கு. “செல்லும்” என்று அவர்கள் மொழியில் பேஷாவின் குரல். மறுபடி முழுக்கு, மறுபடி செல்லும். கடைசி முறை அந்தக் குரல் உடைந்தது. லெமுவேல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை கல்யாணம் நடந்தது. வண்டி வந்த ஒருநாளில் ஹிண்டாவும் மாப்பிள்ளையும் ஏறிப் போனார்கள். வேலையும் போகவில்லை, மாடி அறையும் போகவில்லை. இதோடு முடிந்தது என்று ஊரில் நினைத்தார்கள்.

லெமுவேலுக்கு முடியவில்லை. மலைமேல் கொட்டகை காலி. மரத்தூள் மட்டும் குவிந்து கிடந்தது. ஆகஸ்டின் வெயில் பள்ளத்துக்குள் வெல்லப்பாகுபோல் இறங்கி நின்றது. சுரங்கத்தின் ஊதல் நேரம் தப்பி ஒலித்தால் ஊரே வாசலுக்கு வரும். அதற்கு இரண்டு ஊதல்கள்: ஷிஃப்ட் முடிந்ததற்கு ஒன்று, ஆள் சிக்கியதற்கு ஒன்று. ஷிஃப்ட் ஊதலுக்கே லெமுவேல் மண்வாரியைப் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டு வெளியே வருவார். ஆட்கள் கறுத்த முகத்தோடு ஒவ்வொருவராக இறங்கி வருவார்கள். ரக்கரின் பெரியவன் உயரம், தூரத்திலேயே தெரிந்துவிடுவான். சின்னவன் எப்போதும் கடைசியில், எதையாவது சொல்லிச் சிரித்துக்கொண்டு. இருவரையும் பார்த்த பிறகுதான் உள்ளே போவார். சில நாட்களில் பேஷாவும் படிவாசலில் நின்றிருப்பதைக் கவனித்தார். அவருக்கு அங்கே யாரும் வரவேண்டியதில்லை. பையன்கள் தாண்டிப் போனதும் அவர் மேலே ஏறுவார், இவர் கீழே இறங்குவார்.

செப்டம்பரில் ஒருநாள், ஆள் சிக்கியதற்கான ஊதல் ஒலித்தது. ஐடெல்லா கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டாள். தெருவெல்லாம் சுரங்கவாயை நோக்கி ஓடியது. நொண்டிக் காலோடு லெமுவேலால் ஓட முடியவில்லை. பேஷா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். யூதப் பெண் ஒருத்தி கறுப்பு ஆண் கையைப் பிடித்து நடப்பதை மேட்டிலிருந்து பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று அன்று யாரும் யோசிக்கவில்லை. ரக்கரின் சின்னவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பெல்லாம் கரித்தூள், கண் மட்டும் வெள்ளை. தோள் எலும்பு உடைந்திருந்தது. உயிர் இருந்தது. டீக்கன் மகனின் முகத்தைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து லெமுவேலைப் பார்த்தார். அவ்வளவு கூட்டத்துக்கு நடுவே அந்தப் பார்வை வந்து சேர்ந்தது. லெமுவேல் அதைத் திருப்பிப் பார்த்தார். ஓடி ஒளியக்கூடாது என்று நின்றார்.

பிறகு மழை வந்தது, காலம் கடந்து, வேண்டாத அளவுக்கு. இலைகள் பழுத்தன. ஊரில் யாரும் சாகவில்லை. அந்தக் கோடைக்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு கோடை அந்தப் பள்ளத்துக்கு வாய்த்ததில்லை.

குளிர் கடித்த முதல் விடியலில் பாய்லர் அறைக் கதவு தட்டாமல் திறந்தது. டீக்கன் ரக்கர். அந்த அறைக்குள் அவர் வந்ததே கிடையாது. தொப்பியில் வெண்பனி. மலைமேல் குளம்வரை போய்த் திரும்பியிருந்தார் என்பது பூட்ஸில் தெரிந்தது. கரிக்குவியலோரம் கவிழ்த்துவைத்த பெட்டிமேல் உட்கார்ந்து கைகளைத் தீப்பக்கம் நீட்டினார்.

“கொளத்தோரம் ஐஸ் புடிச்சிருக்கு” என்றார். “கண்ணாடி கனம்தான்.”

லெமுவேல் தீயைக் கிளறினார்.

“ரெண்டு பயலும் தூங்குறானுங்க” என்றார் டீக்கன்.

லெமுவேல் பாய்லர்க் கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்துவிட்டு, ஒரு வாரி கரி அள்ளிப் போட்டார்.